கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் பொட்டலம் வந்தாலும், அக்கா கண்ணில் பட்டுவிட்டால் அது அவர் கைக்குப் போகாமல் வீட்டுக்குள் போகாது. வலது கையில் வாங்குவார், இடது கைக்கு மாற்றுவார், காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்குக் குலுக்குவார். அப்புறம் முகர்ந்து பார்ப்பார். கடைசியாக ஒரு கேள்வி வரும்: "எங்கேயிருந்து வந்தது?" பதில் சொன்னாலும் விடமாட்டார். சொன்னவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். சொன்னது சத்தியமான உண்மையாக இருந்தாலும், அந்தப் பார்வையில் நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடும்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொட்டலங்களோடு காலம் தள்ளியதால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. ஒருமுறை அவருடைய தங்கை வந்திருந்தபோது நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே அப்படித்தான் சார். சண்டே ஸ்கூல்ல மிட்டாய் குடுத்தா, இது யார் வாங்கினது, எந்தக் கடைன்னு கேப்பா. பாஸ்டரையே கேட்டிருக்கா" என்றார் அந்த அம்மாள். பாஸ்டர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாவம், நல்ல மனிதராக இருந்திருப்பார்.

அக்காவின் காது இருக்கிறதே, அது தனி. எங்கள் வீட்டு குக்கர் விசிலைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே எண்ணிவிடுவார். மாலையில் துணி எடுக்க மாடிக்குப் போகும்போது என் மனைவி வசந்தாவிடம் மெல்ல ஆரம்பிப்பார். "ஏம்மா, இன்னைக்குப் பருப்புக்கு ஒரு விசில் குறைஞ்ச மாதிரி இருந்ததே. கேஸ் மிச்சம் பண்றியா?" வசந்தா சிரித்து மழுப்புவாள். கீழே வந்து என்னிடம் பொரிந்து தள்ளுவாள். அடுத்த நாள் பருப்புக்கு ஒரு விசில் கூடவே விடுவாள்.

தண்ணீர் கேன் போடுகிற பையன்கள் அக்கா வீட்டுக்கு வரும்போது மட்டும் கேனைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் இறக்குவார்கள். மூடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை அவர் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்ப்பார். அவருடைய கணவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். சாதுவான மனிதர். அக்கா தடவி முடிக்கும்வரை வாசலில் காத்திருந்து கேனை உள்ளே தூக்கிக்கொண்டு போவார். ஒருநாள் என்னைப் பார்த்து, "என்னையும் இப்படித்தான் பாத்து எடுத்தா" என்று சொல்லிக் கண் சிமிட்டினார்.

அக்கா குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. சாமிக்குப் படைத்த எதையும் வாயில் வைக்க மாட்டார். அதற்காக யாரையும் புண்படுத்தவும் மாட்டார். தீபாவளிக்கு நாங்கள் பலகாரம் கொடுக்காமல் இருந்தால்தான் அவருக்குக் கோபம் வரும். அதனால் வசந்தா முதல் ஈடு எடுத்ததுமே, படைப்பதற்கு முன்னால், அக்காவுக்கென்று ஒரு சம்படத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் அடுத்திருந்தால் நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்கள். முதல் வருடம் சம்படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா கேட்டாராம்: "படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததா?" ஆமாம் என்றிருக்கிறாள். "எப்ப படைச்சே?" சொல்லியிருக்கிறாள். "அப்ப நெய் வாசனை அதுக்கு அப்புறமில்ல வந்தது?" வசந்தா அழாத குறையாக வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த தீபாவளியிலிருந்து அக்கா அந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை. விடிகிற நேரத்தில் காபி டம்ளரோடு எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றுவிடுவார். அதிரசம் எண்ணெயிலிருந்து எழும்புவதையும், வடிந்து சம்படத்துக்குள் போவதையும் பார்த்து, மூடியைத் தானே அழுத்தி மூடி, தானே எடுத்துக்கொண்டு போவார். பதிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு கேக்கும் முறுக்கும் வரும். நாங்கள் கேட்காமலே, மாவு எந்த மில்லில் அரைத்தது, முட்டை யாரிடம் வாங்கியது என்று முழுக்கதையும் சொல்வார். அதற்குள் நான் ஒரு துண்டை வாயில் போட்டிருப்பேன். அது அவருக்கு ஆகவே ஆகாது. "என்ன ஜனங்க நீங்க! ஒருத்தர் என்னத்தையாவது நீட்டினா, எங்கேயிருந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

இதையெல்லாம் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் ஒன்று வேடிக்கையில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் காதில் புதுக் கம்மலோடு வந்தாள். அழகாக இருந்தது. அக்கா அதைப் பார்த்தார், எல்லோரையும் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "எங்கேயிருந்து வந்தது?" அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பாத்திரத்தைத் தேய்த்து முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் இரண்டு வீட்டுக்குமே வரவில்லை. வசந்தா அக்காவிடம் போய்ச் சண்டை போட்டாள். "கேட்டது தப்பா? உன் வீட்டுக்காரர் புது செருப்பு போட்டுட்டு வந்தப்பகூடத்தான் கேட்டேன்" என்றார் அக்கா. கேட்டார், உண்மைதான். ஆனால் என்னைக் கேட்பதும் அவளைக் கேட்பதும் ஒன்றா? அக்காவுக்கு அது புரியவே இல்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் அவரை நினைத்தால் முதலில் வருவது கோபம் இல்லை. முதலில் வருவது அந்த மலைதான்.

தினமும் காலையில் ஏரிக்கரையில் நடக்கிற கூட்டம் ஒன்று எங்கள் காலனியில் உண்டு. பொங்கல் கழிந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது மலை ஏறப் போவோம். அந்த வருடம் சேகர்தான் இடம் சொன்னான். எதிர் வீட்டுக்காரன், கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி. செங்கல்பட்டு போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஊர் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய ஏரியும் அந்தப் பக்கத்தில் குன்றுகளும் தெரியும் இல்லையா, அங்கேதான். ஏரிக்கு மேலே வரிசையாக மூன்று குன்றுகள். முதல் குன்றில் ஒரு சின்ன அம்மன் கோயில். அங்கிருந்து முகட்டோடு முகடாக மூன்றாவது குன்றுவரை நடந்து, போன வழியே திரும்ப வேண்டும். அன்றைக்குக் காலை ஆராதனைக்குப் போகமுடியாதே என்று அக்கா முதலில் யோசித்தார். சாயங்கால ஆராதனை இருக்கிறது என்று அண்ணன்தான் சொல்லி அனுப்பினார். அவருக்கு முட்டிவலி, வரவில்லை. நான், வசந்தா, சேகர், சேகரின் மனைவி, அக்கா என்று ஐந்து பேர் கிளம்பினோம்.

அக்கா புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் துணிப்பை, அதற்குள் அவருடைய சாப்பாட்டு டப்பா. டப்பாவைச் சுற்றி நூல் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். ரயிலில் எல்லோர் பைகளும் மேலே பலகையில் ஒன்றாகக் கிடந்தன. அக்கா அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயில்வரைக்கும் படி இருந்தது. பூசாரி ஒல்லியான ஆள், தோளில் துண்டு, இடுப்பில் செல்போன். பின்பக்கம் கல்லடுப்பில் சர்க்கரைப் பொங்கல் கொதித்து அடங்கியிருந்தது. "நல்ல டைம்ல வந்துகீறீங்க சார், உள்ள வாங்க" என்றார். நாங்கள் நான்கு பேரும் உள்ளே போனோம். அக்கா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார், ஏரியைப் பார்த்தபடி. பூசாரி பொங்கலைக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைத்து, மணியடித்து, தீபம் காட்டினார். நாங்கள் கும்பிட்டோம். ஆளுக்கு ஒரு தொன்னையில் பொங்கல் கொடுத்தார். எனக்கு இனிப்பென்றால் உயிர். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, அசடு வழியச் சிரித்து இன்னொன்றும் வாங்கி, இலை போட்டு மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது அக்கா ஏரியைக் குடையால் காட்டிக் கேட்டார். "ரயில்ல இருந்து பாத்தப்ப ஏரி முழுசா இருந்தது. இங்கேயிருந்து பாத்தா அந்த ஓரத்துல மண்ணு தெரியுது பாருங்க. யாரு கொட்டினா?" அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் தெரிந்தது. செம்மண் திட்டு ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. யார் கொட்டினார்கள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அழகாக இருந்த ஏரி அதற்கப்புறம் எனக்கு அழகாகத் தெரியவில்லை.

இரண்டாவது குன்றில் பாறை நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். அக்கா டப்பாவை எடுத்து நூலில் விரல் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நான் போட்ட முடிச்சு இல்ல."

டப்பாவைத் திருப்பி எங்களிடம் காட்டினார். "நான் ரெட்டை முடிச்சு போடுவேன். இது ஒத்தை. யாரோ தொறந்திருக்காங்க."

"அக்கா, உங்க எலுமிச்ச சாதத்தை யாருக்கா திருடப் போறாங்க?" என்று சேகர் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்சலைப் பார்க்கிற அதே பார்வை. டப்பாவைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்றார். வசந்தா தன் இட்லியை நீட்டினாள். வருடா வருடம் அவள் சமையலறை வாசலில் காவல் நின்று வாங்கிப் போனவர், அன்றைக்கு அவள் கை இட்லியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வசந்தாவுக்கு முகம் சுருங்கிப் போனது. அதற்குப் பிறகு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சந்தேகம் ஒட்டுவாரொட்டி. சேகரின் விரல் நகங்களை நானே ஒருமுறை உற்றுப் பார்த்தேன், அவற்றில் மஞ்சள் ஒட்டியிருக்கிறதா என்று. எனக்கே வெட்கமாக இருந்தது.

கோபமாக இருந்தாலும் வசந்தா, "நீங்க இதைத் தூக்கிட்டு நடக்காதீங்க" என்று டப்பாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். சேகர், அவன் மனைவி, வசந்தா மூவரும் முன்னால் போய்விட்டார்கள். நான் அக்காவுக்குத் துணையாகப் பின்னால் நடந்தேன். மூன்றாவது குன்றின் பாதி ஏற்றத்தில் அக்கா நின்றார். பிறகு அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்தார். கையிலிருந்து குடை நழுவிச் சரிவில் உருண்டது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, அவர் நெற்றியிலோ வேர்வை வழிந்தது. விரல்கள் நடுங்கின.

அந்த நேரம் பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. நான் எடுத்தேன். அண்ணன். "சாப்பிட்டாளா?" என்றுதான் ஆரம்பித்தார். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"ஐயோ, நான்தான் சார் தொறந்தேன். ரெண்டு கடலை மிட்டாய் உள்ள வெச்சேன். மலையேற்றம், திடீர்னு சுகர் எறங்கிட்டா என்ன பண்றது? சொன்னா எடுத்துப் போட்டுடுவா, அதான் சொல்லல." பிறகு குரல் மாறியது. "சுகர் மாத்திரை வேற போட்டுட்டு வந்திருக்கா. உடனே ஏதாவது இனிப்பா குடுங்க சார். போன தடவை இப்படித்தான் நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதாப் போச்சு."

வசந்தாவுக்கு போன் போட்டேன். அவர்கள் உச்சிப் பாறையில் இருந்தார்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்குகிறோம் என்றாள். ஆனால் அந்தச் சரிவில் ஓடி வர முடியாது. எனக்குப் பயம் வந்துவிட்டது. என் பையைத் துழாவினேன். தண்ணீர் இருந்தது, துண்டு இருந்தது, அந்த ஒரு தொன்னைப் பொங்கல் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

இலையை விலக்கி நீட்டினேன். அக்கா பார்த்தார். கண் சொருகிக்கொண்டு போகிற நிலையிலும் வாய் கேட்டது.

"எங்கேயிருந்து வந்தது?"

வீட்டில் செய்தது என்று ஒரு பொய் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அத்தனை தீபாவளியும் வசந்தா தனியாக எடுத்து வைத்த சம்படம் கண்முன்னால் வந்து நின்றது. அதை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"கோயில்ல குடுத்ததுக்கா. படைச்சதுதான். ஆனா உங்களுக்கு இப்ப இதை விட்டா வேற எதுவும் இல்ல."

அவர் தலையை அசைத்தார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். "அக்கா, அண்ணனை நினைச்சுப் பாருங்க" என்றேன்.

"படைச்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் கூடவே நின்னேனே."

"கும்பிட்டீங்களா?"

"கும்பிட்டேன்."

"கண்ண மூடித்தானே கும்பிட்டீங்க?"

"ஆமா."

"அப்புறம் எப்படிப் பாத்தீங்க?"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே மேலே சொன்னார். "நான் வெளிய நின்னேன், நான் பாக்கல. நீங்க கண்ண மூடிட்டீங்க, நீங்களும் பாக்கல. மலை மேல தனியா ஒருத்தன். யார் கேக்கப் போறா? அவன் முகத்தைப் பாத்தீங்களா? சும்மா மணிய ஆட்டிட்டு எடுத்துக் குடுத்திருப்பான். படைச்சிருக்கவே மாட்டான்."

கையை நீட்டினார். தொன்னை ஆடியது, நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். முதல் வாய் உள்ளே போவதற்கு முன்னால் உதடு அசைந்தது. வழக்கமான ஜெபம்தான். பிறகு சாப்பிட்டார். நிதானமாக, தொன்னையின் மடிப்பில் ஒட்டியதையும் வழித்துச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தேன். பேசினால் ஏதாவது கெட்டுவிடும் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முதலில் சொன்னது, "முந்திரி பழசு."

வசந்தா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். முடிச்சு மாறிய கதையைச் சொன்னேன். அக்கா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், அப்போதும் திறக்கவில்லை. "அவருக்கு ரெட்டை முடிச்சு போட வராது. இத்தனை வருஷமா சொல்லிக் குடுக்கறேன்" என்றார். பிறகு வசந்தாவின் கையைப் பிடித்து, "மீதி இட்லி இருக்கா?" என்று கேட்டார். வசந்தா அழுதுவிட்டாள். அந்த இட்லிகளை எங்கேயிருந்து என்று கேட்காமல் சாப்பிட்டார். மாவு கொஞ்சம் புளிப்பு என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் கோயில் வரத்தானே வேண்டும்? பூசாரி எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்று வேகமாக நடந்தேன். பூசாரி படியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். "இன்னா சார், பொங்கல் எப்டி இருந்துச்சு? ஆத்தாவுக்குப் படைச்சதாச்சே, டேஸ்ட்டு சும்மாவா?"

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு? மலைக் காத்துல எனக்குக் காது அடைச்சுப் போச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் விசில் எண்ணுகிற காது! வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அக்கா நகரவில்லை. சேகர் சரிவிலிருந்து எடுத்துக் கொடுத்த குடையைப் படியில் சாய்த்துவிட்டு, டப்பாவின் ஒற்றை முடிச்சை அவிழ்த்தார். எலுமிச்சை சாதத்தின் மேலே காகிதத்தில் சுற்றிய இரண்டு கடலை மிட்டாய்கள் இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துக் துணிப்பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, சாதத்தைப் பூசாரியிடம் அப்படியே நீட்டினார். ஒருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெறும் கையோடு போகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

"ரொம்ப தேங்க்ஸ்மா, காலைலருந்து சோறு துன்னல" என்று பூசாரி வாங்கினார். யார் செய்தது, எந்த வீட்டுச் சாப்பாடு, எதுவும் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பசி, பாவம். டப்பா காலியாகும்வரை அக்கா வைத்த கண் வாங்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலி டப்பாவை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாத்தீங்கல்ல? என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம சாப்பிடறான். இவனா படைச்சிருக்கப் போறான்?"